நீல நிற விஜிஏ துளையுள்ள ஜிடிஎக்ஸ் 1060: சுங்கை சிப்புட்டில் நான் ஏமாந்த கதை

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மலிவான பழைய கிராஃபிக்ஸ் கார்டு (கணினியில் படத்தை உருவாக்கித் திரைக்கு அனுப்பும் அட்டை) தேடுகிறவர்கள், பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

என் கணினி 2014-இல் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி டிடிஆர்3 நினைவகம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டு. செம்பனை ஆலையில் இரவு வேலை முடிந்து வந்தால் ஒரு மணி நேரம் ஜிடிஏ 5 என்ற கணினி விளையாட்டு ஆடுவேன். மாலையில் அது மகனுடைய சொத்து. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றபோதுதான் யோசிக்கத் தொடங்கினேன். விண்டோஸ் 11 முறைப்படி ஓட எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். செயலியை மாற்றினால் மதர்போர்டையும் மாற்ற வேண்டும், அதோடு டிடிஆர்3 நினைவகமும் குப்பைக்குப் போகும். நினைவகத்தின் விலையோ அந்த ஆண்டு இறுதியில் தாறுமாறாக ஏறிவிட்டது. எனவே, கார்டை மட்டும் மாற்றி இன்னும் ஓராண்டு ஓட்டலாம் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஈப்போவுக்குப் போயிருக்கலாம். "நம்மவர் கடை இருக்கும்போது அங்கே எதற்கு?" என்றார் உடன் வேலை செய்யும் ஒருவர். கடைக்காரரும் இனிக்க இனிக்கத்தான் பேசினார். "ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி, 380 வெள்ளி. உங்கள் பழைய கார்டைக் கொடுத்தால் 80 வெள்ளி கழித்துக்கொள்கிறேன். நீங்கள் போய்ப் பசியாறிவிட்டு வாருங்கள் அண்ணே, மாட்டி வைக்கிறேன்" என்றார். நானும் மகனும் தோசை சாப்பிட்டுவிட்டு வந்தோம். கணினி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் 'ஜிடிஎக்ஸ் 1060' என்று பெயரும் காட்டியது. ரசீதில் 'கிராஃபிக்ஸ் கார்டு – 300' என்று மட்டும் எழுதியிருந்தார். மாடல் எண் இல்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டில் இருப்பது பழைய திரை. நீலத் தலை வைத்த விஜிஏ கேபிள். புதுக் கார்டில் அந்த நீலத் துளை இருந்ததைப் பார்த்து, நல்லவேளை, அடாப்டர் வாங்கும் செலவு மிச்சம் என்று மகிழ்ந்தேன். மோசடி அந்தத் துளையிலேயே எழுதி ஒட்டியிருந்தது. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060-இல் விஜிஏ துளையே கிடையாது. அந்தத் தலைமுறையிலேயே, அதைத் தயாரிக்கும் என்விடியா நிறுவனம் விஜிஏ போன்ற பழைய அனலாக் வெளியீட்டைக் கைவிட்டுவிட்டது. இது தெரியாமல் நானே கேபிளைச் சொருகித் திருகாணியையும் முறுக்கினேன்.

ஜிடிஏ முன்பைவிட மெதுவாக ஓடியது. பத்து நிமிடத்தில் திரை முழுவதும் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் விழுந்து உறைந்துபோனது. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்துப் பார்த்தேன், திரை கறுத்துவிட்டது. கணினி பழசு, அதனால்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன். மகன்தான் பள்ளி நண்பன் சொன்னான் என்று கார்டின் விவரத்தைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கினான். கார்டின் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று வந்தது. உண்மையான 6 ஜிபி 1060-இல் கணக்குப் போடும் கோர்கள் 1280 இருக்கும், இதில் 192. சில்லின் பெயர் ஜிஎஃப்116, அதாவது 2011-இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ. கார்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளை மாற்றி எழுதினால் பெயரையும் நினைவக அளவையும் விண்டோஸ் அப்படியே நம்பிவிடும். உள்ளே இருக்கிற 1 ஜிபி நிரம்பியதும் கோடு கோடாக விழும். மின் இணைப்பை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, இரண்டுக்கும் ஆறு முள் இணைப்புதான்.

நான் 80 வெள்ளிக்குக் கொடுத்துவிட்டு வந்த 750 டிஐ, 2014-இல் வந்தது. அதைவிட மூன்றாண்டு பழைய கார்டுக்கு மேலே 300 வெள்ளி கட்டி, என் நல்ல கார்டையும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

திரும்பப் போனபோது பேச்சில் 'அண்ணே' காணாமல் போயிருந்தது. "ஏழு நாள்தான் உத்தரவாதம். எனக்குக் கொடுத்த ஏஜெண்டே என்னை ஏமாற்றிவிட்டான்" என்றார். பழைய கார்டையாவது கொடுங்கள் என்றேன். விற்றுவிட்டாராம். மாடல் எண்ணை ரசீதில் எழுதச் சொல்லாததும், கடையிலேயே ஜிபியு-இசட்டை ஓட்டிக் காட்டச் சொல்லாததும், அவர் மாட்டும்போது பக்கத்தில் நிற்காமல் தோசைக்குப் போனதும் என் குற்றம்தான். ஆனால் பொய்ப் பெயர் எழுதி விற்றது என் குற்றமில்லை.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் பதிவு செய்ய 5 வெள்ளிதான் கட்டணம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வாங்கி மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. முதல் படிவத்தோடு ரசீதையும், ஜிபியு-இசட் ஓடிய திரையின் படத்தையும், கார்டின் நீலத் துளையைக் கிட்டே வைத்து எடுத்த படத்தையும் இணைத்திருக்கிறேன்.

நேற்று அந்தக் கடையிலிருந்து அழைப்பு வந்தது. கார்டைக் கொண்டுவந்து கொடுத்தால் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். கார்டு என் அலமாரியில் பூட்டித்தான் இருக்கிறது. விசாரணைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.