கழுத்தில் தொங்கிய கறுப்புக் கல்: 5ஜி கவசப் பதக்கம் பற்றிய மதிப்புரை

அதிரசத்தைவிடச் சிறியது, தட்டையைவிடத் தடித்தது, நடுவில் பொன்னிற வளையங்கள் பொறித்தது, கறுப்புக் கயிற்றில் கோத்தது. 5ஜி கோபுரங்களின் கதிர்வீச்சிலிருந்து உடலைக் காக்கும் எரிமலைக் கல் என்று சொல்லி விற்கப்பட்ட இந்தப் பதக்கம் எட்டு மாதங்களாக என் பெரியப்பாவின் கழுத்தில் கிடந்தது. ஒன்று 1,800 ரூபாய் வீதம் தனக்கும் எனக்கும் என் மனைவிக்கும் மகளுக்குமாக நான்கு வாங்கினார். மொத்தம் 7,200 ரூபாய். எனக்கு வந்ததை நான் அணியவில்லை. ஆனாலும் பெரியப்பா அணிந்ததை அருகிலிருந்து பார்த்தவன், விற்பனைக் கூட்டத்துக்கும் அவருடன் ஒருமுறை போய் வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் பெட்டி. வெல்வெட் விரித்து, ஹாலோகிராம் முத்திரை ஒட்டி, உள்ளே ஒரு ‘உண்மைச் சான்றிதழ்’ வைத்திருக்கிறார்கள். ஆழ்ந்த தூக்கம் தொடங்கி முழங்கால் வலி வரை எட்டு நன்மைகள் அதில் அச்சாகியிருக்கின்றன. எந்தக் கனிமம், எங்கே தயாரானது, எந்த ஆய்வகம் சோதித்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் விடை கிடையாது. ஜி.எஸ்.டி. எண்ணுள்ள பில்லும் தரவில்லை. ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட ஒரு சீட்டுதான் கொடுத்தார்கள்.

விற்பனை நடந்தது அண்ணா நகர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில், சுண்டலும் காபியும் கொடுத்து. வந்திருந்த அறுபது எழுபது பேரில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். மேடையில் நின்ற இளைஞர் பெரியப்பாவை ஒற்றைக் காலில் நிற்க வைத்து, கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, மணிக்கட்டைப் பிடித்துக் கீழே அழுத்தினார், பெரியப்பா தள்ளாடினார். பதக்கத்தை மாட்டிவிட்டு மறுபடி அழுத்தினார், அசையாமல் நின்றார். கூடமே கைதட்டியது. கூர்ந்து பார்த்தவர்களுக்கு மட்டுமே ஒன்று தெரிந்திருக்கும்: முதல் தடவை அந்த இளைஞரின் கை உடலைவிட்டு விலகி வெளிப்பக்கமாக அழுத்தியது, இரண்டாம் தடவை முழங்கைக்கு அருகே, உடலை நோக்கி அழுத்தியது. அத்துடன் எந்தத் திசையிலிருந்து விசை வரும் என்பதை அதற்குள் உடலும் கற்றுக்கொண்டிருக்கும். அன்று மாலையே வீட்டில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைக் கைக்குட்டையில் முடிந்து பெரியப்பாவின் சட்டைப் பையில் போட்டு, அதே வித்தையை நான் செய்து காட்டினேன். நாணயமும் அவரைக் காப்பாற்றியது. சிரித்தார்; ஆனால் பதக்கத்தைக் கழற்றவில்லை.

கதிர்வீச்சுச் சோதனை இன்னும் எளிது. கைபேசியை நான்கு பதக்கங்களுக்கும் நடுவில் வைத்து இன்னோர் எண்ணிலிருந்து அழைத்தேன். உடனே மணி அடித்தது. அலையைத் தடுக்கும் பொருளானால் அழைப்பு வந்திருக்கக் கூடாது. இதை விற்பனையாளரிடம் தொலைபேசியில் கேட்டபோது, பதக்கம் அலையைத் தடுப்பதில்லை, ‘ஒத்திசைய வைக்கிறது’ என்றார். ஒத்திசைந்ததை எப்படி அளப்பது என்று கேட்டேன். உணரத்தான் முடியுமாம். எந்தச் சோதனையிலும் தோற்காதபடி வடிவமைத்த பொருள் இது. அந்த ஓர் அம்சத்தில் அதன் தயாரிப்புத் தரத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

பெரியப்பா ஏமாளி அல்லர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர். வெர்னியர் காலிப்பர் என்ற நுண்ணளவுக் கருவி காட்டாத எதையும் நம்பாதவர் என்று பெயர் எடுத்தவர். பெரியம்மா இறந்தது 2021 மே மாதத்தில், கொரோனா இரண்டாம் அலையில். மருத்துவமனை வாசலோடு பெரியப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசி முகம்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அதே மாதத்தில்தான், இந்தச் சாவுகளுக்குக் காரணம் கிருமியன்று, 5ஜி சோதனை ஓட்டம் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. அந்தச் சோதனை அப்போது நாட்டில் எங்குமே தொடங்கியிருக்கவில்லை என்று தொலைத்தொடர்புத் துறை மே 10ஆம் தேதி அறிக்கை விட்டது. 5ஜி சேவை இங்கே வந்தது 2022 அக்டோபரில்தான். மறுப்பு அறிக்கையை அவருக்கு யாரும் அனுப்பவில்லை. பிறகு எதிர்வீட்டு மாடியில் கோபுரம் எழுந்தது. அவருக்குத் தூக்கம் கெட்டது. இரண்டையும் மனம் முடிச்சுப் போட்டுக்கொண்டது.

முப்பது ஆண்டுகள் கூட இருந்தவளைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி பத்து நாளில் கொண்டுபோயிற்று என்பதை ஏற்பது கடினம். யாரோ செய்தார்கள் என்பது அதைவிட எளிது. பெரிய இழப்புக்குப் பெரிய காரணம் இருந்தே தீர வேண்டும் என்று மனம் அடம்பிடிப்பதை உளவியலாளர்கள் நெடுங்காலமாகக் கவனித்துவருகிறார்கள். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டு 17 அன்று மாரடைப்பால் இறந்தபோது சென்னை முழுவதும் பேசப்பட்டதை நினைத்துப் பாருங்கள். மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று நிபுணர் குழு பின்னர் சொன்னது. ‘முந்தாநாள் ஊசி, இன்று சாவு’ என்ற வரிசை நெஞ்சில் பதிந்த அளவுக்கு அந்த முடிவு பதியவில்லை.

2008இல் விட்சன், கலின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் சில பரிசோதனைகள் நடத்தினார்கள். நிலைமை தம் கைமீறிப் போய்விட்டது என்ற உணர்வு ஊட்டப்பட்டவர்கள், வெறும் புள்ளிக் குழப்பங்களில்கூட இல்லாத உருவங்களைக் கண்டார்கள். தொடர்பற்ற நிகழ்ச்சிகளுக்குப் பின்னால் சதியையும் கண்டார்கள். உளவியலாளர் கேரன் டக்ளஸும் அவருடைய சகாக்களும் 2017இல் சதிக் கதைகளின் ஈர்ப்பை மூன்று தேவைகளாகப் பிரித்தார்கள்: புரிந்துகொள்ளும் தேவை, பாதுகாப்பாக உணரும் தேவை, தன்னையும் தன் கூட்டத்தையும் உயர்வாக எண்ணிக்கொள்ளும் தேவை. மண்டபத்தில் நான் பார்த்த மூன்றும் இவைதாம். கோபுரம் என்ற விளக்கம், பதக்கம் என்ற கவசம், ‘ஊர் தூங்குகிறது, நாம் விழித்துக்கொண்டோம்’ என்று சுண்டல் தட்டோடு பேசிக்கொண்ட நட்பு. 1,800 ரூபாய்க்கு இத்தனையும் கிடைக்கிறது. பெரியம்மா போன பிறகு பெரியப்பாவை வாரம் ஒருமுறை பெயர் சொல்லி வரவேற்ற இடம் அது ஒன்றுதான். மகன் ஹூஸ்டனில், மகள் பெங்களூரில், நான் மாதம் ஒருமுறை. பதக்கத்துக்கு நான் மதிப்பெண் போடத் தயங்கிய இடம் இதுதான்.

ஆனால் விலை 1,800 ரூபாயோடு நிற்கவில்லை. கோபுரத்துக்கு மாடியை வாடகைக்கு விட்ட எதிர்வீட்டுக்காரர் பெரியப்பாவின் நெடுநாள் நண்பர்; ஒரே தினமணியை இருவரும் மாற்றி மாற்றிப் படித்தவர்கள். அவர் ‘கம்பெனிக்காரன் ஆள்’ ஆகிவிட்டார், பேச்சு நின்றது. தெருப்பக்க அறையில் என் மகளைப் படுக்க விடவில்லை. பதக்கத்தை நம்பிச் சர்க்கரை மாத்திரையைக் குறைத்துக்கொண்டதை ரத்தப் பரிசோதனைக்குப் பிறகுதான் ஒப்புக்கொண்டார். ஊர் அளவில் இது என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. 2017இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாமை வாட்ஸ்அப் வதந்திகள் தடுமாற வைத்தன. 2018 மே மாதம், போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவரைப் பிள்ளை பிடிக்கும் கும்பலைச் சேர்ந்தவர் என்று கருதி அடித்தே கொன்றார்கள்.

பதக்கம் பற்றி இன்னும் ஒரு செய்தி. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம், 5ஜி எதிர்ப்புப் பொருள்கள் என்று விற்கப்பட்ட பத்துப் பொருள்களைச் சோதித்து, அவை தாமே அயனியாக்கும் கதிர்வீச்சை (அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுத்து உடல் செல்களைக் கெடுக்கக்கூடியதை) வெளியிடுகின்றன என்று கண்டு, இனி அணிய வேண்டாம் என எச்சரித்தது. அவற்றில் பதக்கங்களும் உண்டு. கைபேசி அலைகளுக்கு அணுக்களை அயனியாக்கும் ஆற்றல் கிடையாது; இந்தக் ‘கவசங்களுக்கு’ அது இருந்தது. அளவு குறைவுதான் என்றாலும், நாள் முழுக்கத் தோலோடு ஒட்டிக் கிடக்கும் பொருள் ஆயிற்றே. இத்தகைய பொருள்களில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த மோனசைட் கனிமத் தூள் சேர்ப்பதுண்டு. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கும் அதே மோனசைட். எங்கள் வீட்டுக் கற்களை நான் சோதிக்கவில்லை. நான்கையும் ஒரு டப்பாவில் மூடி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

பெரியப்பாவைக் கழற்ற வைத்தது இந்தத் தகவல் அன்று, என் வாதமும் அன்று. தொலைத்தொடர்புத் துறையின் ‘தரங் சஞ்சார்’ தளத்தில் 4,000 ரூபாய் கட்டினால் நம் வீட்டருகே கோபுரத்தின் அலை அளவை வந்து அளந்து சொல்வார்கள். இந்தியாவின் வரம்பு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு. அளக்க வந்தவர் கருவியைத் தூக்கிக்கொண்டு மாடியேறியபோது பெரியப்பா பின்னாலேயே போனார். எண்ணைத் தானே எட்டிப் பார்த்தார், இடத்தை மாற்றி மறுபடி அளக்கச் சொன்னார், கருவிக்கு அளவுத்திருத்தம் எப்போது செய்தார்கள் என்று கேட்டார். பல ஆண்டுகளாக நான் பார்க்காத ஐ.சி.எஃப். பெரியப்பா. அளவு வரம்புக்கு வெகு கீழே இருந்தது. மறுநாள் கயிறு கழுத்தில் இல்லை.

பணத்தைத் திரும்பக் கேட்கப் போனேன். ஏழு நாள் கெடு முடிந்துவிட்டதாம். எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாதாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். வாங்க நினைப்பவர்கள் எல்லாரும் முதலில் பில் கேளுங்கள், அந்த நொடியிலேயே பாதி வியாபாரம் படுத்துவிடும். பதக்கத்துக்கு மதிப்பெண் ஐந்தில் ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன். சுண்டல் நன்றாக இருந்தது.

போன வாரம் பெரியப்பா எதிர்வீட்டு நண்பரோடு திண்ணையில் உட்கார்ந்து தினமணி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டார். “கோபுரத்துல ஒண்ணும் இல்லடா, சரி. ஆனா அந்தப் பதக்கம் விக்கிறவனுக்குப் பின்னாடி யாரு இருக்கான்னு நினைக்கிறே? அந்த டவர் கம்பெனிக்காரனேதான்.”