கையசைவை எண்ணும் பட்டை: கல்லூரி மாணவர்களுக்கு ஃபிட்னஸ் பேண்ட் எந்த அளவுக்கு உதவும்?

மதுரைப் புறநகரில் உள்ள கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் உடற்கல்வித் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் காலடிகளை எண்ணிக் காட்டும் ஃபிட்னஸ் பேண்டுகள் சிலவற்றை, மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைப்பவற்றை, எங்கள் துறை வாங்கியது. நகரத்துக்குள்ளேயே வசிக்கும் மாணவர்களும், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் மாணவர்களும் ஒரு பருவம் முழுவதும் அவற்றை மாறி மாறி அணிந்தார்கள். தயாரித்த நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்; இந்த விலையில் வரும் பட்டைகள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் இயங்குகின்றன, நான் சொல்லவிருக்கும் முக்கியமான குறையும் அந்த இயக்க முறையிலிருந்தே பிறக்கிறது.

முதலில் எளிதாகச் சொல்லி முடிக்கக்கூடியவை. பட்டை எடையற்றது; அணிந்திருப்பதே மறந்துவிடும். ஒரு முறை மின்னேற்றினால் ஒரு வாரத்துக்குக் குறையாமல் தாங்குகிறது. உச்சி வெயிலில் மைதானத்தில் நின்று பார்த்தால் திரை மங்கலாகத் தெரிகிறது என்றாலும் கையால் நிழல் கட்டிப் படித்துவிடலாம். சிலிக்கோன் வார் வியர்வையில் ஊறினால் சிலருக்கு அரிப்பைத் தருகிறது. தினமும் கழுவித் துடைத்து அணிந்தால் அந்தத் தொல்லை இல்லை.

பட்டைக்குள் இருப்பது மூன்று திசைகளில் முடுக்கத்தை அளக்கும் சிறிய உணரி. நடக்கும்போது கை முன்னும் பின்னும் சீராக வீசப்படுவதை அது அடையாளம் கண்டு, ஒவ்வொரு வீச்சையும் காலடியாகக் கணக்கிடுகிறது. அதாவது அது பார்ப்பது காலை அன்று, கையை. நானூறு மீட்டர் ஓடுதளத்தில் மாணவர்களை நடக்கவிட்டு, உடன் நடந்தவர்கள் வாய்விட்டு எண்ணிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டபோது வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. கையை வீசிச் சமதளத்தில் நடப்பவருக்கு இந்தக் கருவி நேர்மையானது. விடுதியிலிருந்து வகுப்புக்கும், வகுப்பிலிருந்து நூலகத்துக்கும், மாலையில் கடைத்தெருவுக்கும் நடக்கும் நகரத்து மாணவரின் நாள் ஏறக்குறைய முழுவதுமாக அதில் பதிவாகிவிடுகிறது.

கிராமத்து மாணவரின் நாள் அப்படிப் பதிவாவதில்லை. பேருந்து நிறுத்தம் வரை சைக்கிள் மிதித்து வருபவரின் கைகள் கைப்பிடியில் அசையாமல் இருப்பதால், அவர் மூச்சு வாங்க மிதித்த தூரம் பட்டையின் கணக்கில் பெரும்பாலும் காணாமல் போகிறது. சைக்கிள் பயிற்சியைப் பதிவு செய்யப் பட்டையில் தனி அமைப்பு உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் அதைத் தொட்டுத் தொடங்க வேண்டும், தூரம் தெரிய வேண்டுமானால் கைப்பேசியின் இருப்பிட வசதியையும் திறந்து வைத்திருக்க வேண்டும். விடியற்காலையில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு கிளம்புபவர் இதையெல்லாம் செய்துகொண்டிருக்கமாட்டார். இடுப்பில் குடத்தை வைத்து, பட்டை கட்டிய கையால் அதன் கழுத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு குழாயடியிலிருந்து வீட்டுக்கு நடக்கும் மாணவியின் காலடிகளும் இப்படியே பாதிக்கு மேல் விடுபட்டன. மறு கைக்கு மாற்றிக் கட்டியதும் எண்ணிக்கை உயர்ந்தது. கதிர் அறுக்கும்போது அரிவாள் பிடித்த கையில் கட்டியிருந்தால், ஒரே இடத்தில் குனிந்து நின்றாலும் காலடிகள் ஏறுகின்றன. கதிரின் தாளைப் பிடித்திருக்கும் கையில் கட்டினால் அந்த மொத்த உழைப்பும் ஓய்வாகிவிடுகிறது. மூட்டை தூக்குவது, மண்வெட்டி பிடிப்பது போன்ற வேலைகளில் உடல் தாங்கும் சுமையை அறிய இதில் வழியே இல்லை.

இந்தக் குறை தனிமனிதருக்குச் சிறியதாகத் தோன்றலாம். கல்லூரி என்று வரும்போது அது அநீதியாக மாறுகிறது. பட்டையோடு இணைந்த கைப்பேசிச் செயலியில் குழு அமைத்து, யார் அதிகக் காலடி என்று வரிசைப்படுத்தும் போட்டிகளை இப்போது பல கல்லூரிகள் விரும்பி நடத்துகின்றன. எங்கள் வரிசையில் மேலே நின்றவர்களில் சிலர் இருக்கையில் அமர்ந்தபடியே கையை ஆட்டிக்கொண்டிருந்தவர்கள்; வீட்டில் மாடு பார்த்துவிட்டு வகுப்புக்கு வந்தவர் அந்த வரிசையின் கடைசியில் இருந்தார். ஆய்வுகள் காட்டும் படமோ வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வின் முதல் கட்டத்திலிருந்து 2014-இல் வெளியான முடிவுகள், தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளில் இருபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை ஆராய்ந்து, நகர்ப்புறத்தில் 65 விழுக்காட்டினரும் ஊரகத்தில் 50 விழுக்காட்டினரும் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்று கண்டன. பட்டையை மட்டும் நம்பியிருந்தால் எங்கள் கல்லூரியில் இந்த வரிசை தலைகீழாகவே தெரிந்திருக்கும்.

அதற்காகக் கிராமத்து மாணவர் என்றாலே திடமானவர் என்று எண்ணிவிடவும் கூடாது. ஊரகத்திலும் பாதிப் பேர் என்பது சிறிய எண்ணிக்கை அல்ல. ஊர் வாசலுக்கே கல்லூரிப் பேருந்து வருகிறது, வீட்டுக்கு ஒரு இருசக்கர வாகனம் நிற்கிறது, உழவும் அறுப்பும் இயந்திரத்துக்குப் போய்விட்டன. பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்து வந்து, வகுப்பில் உட்கார்ந்து, மீண்டும் பேருந்தில் உட்கார்ந்து திரும்பும் மாணவிக்கு மாலையில் விளையாட மைதானமும் இல்லை, இருந்தாலும் வீட்டில் அனுப்புவதில்லை. இத்தகையவர்களுக்குத்தான் பட்டை உண்மையிலேயே பயன்பட்டது: நெடுநேரம் அசையாமல் இருந்தால் மணிக்கட்டில் அதிரும் நினைவூட்டல், சிறிய வசதி என்றாலும், பாடவேளைகளுக்கு இடையே அவர்களை எழுந்து நடக்க வைத்தது.

திரையில் பளிச்சென்று நிற்கும் பத்தாயிரம் என்ற இலக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1965-இல் ஜப்பானில் யமாசா நிறுவனம் காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்க முன்வைத்த எண் அது. மருத்துவ ஆய்வில் வகுத்த எல்லை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் காலடிக் கணக்கில் இலக்கு எதையும் வைக்கவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, அத்துடன் வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி என்றுதான் அது சொல்கிறது. நிமிடத்துக்குச் சுமார் நூறு காலடி வைத்து நடந்தால் அது மிதமான உழைப்பில் சேரும். செயலியின் உள்பக்கத்தில் புதைந்திருக்கும் ‘தீவிர நிமிடங்கள்’ என்ற கணக்கு இதற்கு நெருங்கியது. முகப்பில் இருக்க வேண்டியது அதுதான்.

இதயத் துடிப்பு, அமர்ந்திருக்கும்போது ஓரளவு சரியாகவும், வார் தளர்ந்த நிலையில் ஓடும்போது தாறுமாறாகவும் காட்டப்படுகிறது. கலோரிக் கணக்கு வயது, உயரம், எடை போன்றவற்றை வைத்துப் போடப்படும் உத்தேசம். அதை நம்பிப் புரோட்டாவின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டாம். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் உடல் எடைக் குறியீட்டில் செயலி 25 வரை பச்சை நிறம் காட்டுகிறது. இந்தியர்களுக்கு 23-ஐ எட்டினாலே அதிக எடை என்று 2009-இல் இந்திய மருத்துவர்களின் ஒருமித்த வழிகாட்டுதல் வகுத்திருப்பதால், அந்தப் பச்சையைக் கண்டு நிம்மதி அடைய முடியாது.

விளையாட்டில் பயன்பாடு குறைவு. கபடியில் எதிராளிக்குக் காயம் ஏற்படும் என்பதால் கழற்றித்தான் ஆக வேண்டும்; கைப்பந்தில் முன்கையால் பந்தை வாங்கும்போது பட்டையின் திரைப்பகுதி இடிக்கிறது. நீர் புகாது என்ற உறுதிமொழியை நம்பிக் கிணற்றில் மேலிருந்து குதிப்பதும் சரியல்ல, ஏனெனில் அந்த உறுதிமொழி அசையாத நீரின் அழுத்தத்தை வைத்துத் தரப்படுவது. நாங்கள் பயன்படுத்திய செயலியில் தமிழ் இல்லை என்பது தனி வருத்தம்.

உட்கார்ந்தே நாளைக் கழிக்கும் மாணவர், நகரமானாலும் கிராமமானாலும், இதை வாங்கலாம். தொடக்கத்தில் இரண்டு வாரம் இலக்கு எதையும் வைக்காமல் அணிந்து, தம் சராசரியைத் தெரிந்துகொண்டு, அதைவிட ஆயிரம் கூட்டி இலக்கு வைத்தால் போதும். கல்லூரிகள் மாணவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட இதைப் பயன்படுத்தக் கூடாது. சைக்கிளும் வயல் வேலையும் வழக்கமாக உள்ளவர்கள், ரப்பர் செருப்போடு ஓட்டப் பந்தயத்துக்கு வந்து நிற்பதை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்கள் இந்தப் பணத்துக்கு நல்ல ஓட்டக் காலணி வாங்கிக்கொள்வதே மேல்.