மாடித்தோட்டத்தில் ஊதா நிறக் கிழங்குப் பூக்கள்: பல வருட அனுபவம்

கத்திரிப்பூ நிறத்தில் பூக்கும் கிழங்குச் செடி எது வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, கோவை வெயிலில் வளர்த்துப் பார்த்தவரையில் நான் சொல்வது இரண்டுதான்: கிளாடியோலஸ், சொசைட்டி கார்லிக். படத்தைப் பார்த்து மயங்கி துலிப், ஹயசிந்த், குரோக்கஸ் பக்கம் போக வேண்டாம். பல வாரம் குளிர் பட்டால்தான் அவை ஒழுங்காகப் பூக்கும். ஃபிரிட்ஜில் வைத்து ஒரு முறை பூக்க வைத்துவிடலாம், ஆனால் அடுத்த வருடமும் அதே கிழங்கில் பூ வரும் என்று நம்ப முடியாது.

அழகில் கிளாடியோலஸுக்கு ஈடில்லை. கத்தி போன்ற இலைகளுக்கு நடுவே தண்டு எழும்பி, அடி மொட்டிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாக விரியும். அடியில் இரண்டு மொட்டு நிறம் காட்டியதும் வெட்டித் தண்ணீரில் வைத்தால் மீதியெல்லாம் வீட்டுக்குள்ளேயே மலரும். ஐப்பசி அடைமழை ஓய்ந்த பிறகு, மூன்று நான்கு அங்குல ஆழத்தில் நடுவேன். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும், அதனால் மண் கலவையில் மணல் தாராளமாக இருக்க வேண்டும். வகையைப் பொறுத்து இரண்டு மூன்று மாதத்தில் பூ வரும். தண்டு சாயாமல் இருக்க ஒரு குச்சியும் ஊன்ற வேண்டும்.

அதன் பிறகுதான் வேலையே. இலை மஞ்சளானதும் தோண்டிப் பார்த்தால், நட்ட கிழங்கு வற்றிச் சுருங்கிக் கிடக்கும், அதன் தலையில் புதுக் கிழங்கு உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் மிளகு அளவில் குட்டிகள். பழையதைப் பிய்த்தெறிந்துவிட்டு, புதியதை நிழலில் உலர்த்தி, காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைக்க வேண்டும். குட்டிகள் பூக்க இரண்டு மூன்று பருவம் பிடிக்கும். அவ்வளவு பொறுமை எனக்கு இல்லை. வெள்ளிக் கீற்று போல இலையில் தழும்பு தெரிந்தால் இலைப்பேன் வந்துவிட்டது என்று அர்த்தம், வேப்பெண்ணெய்க் கரைசலை ஆரம்பத்திலேயே தெளித்துவிடுங்கள். இன்னொன்று, 'மிக்ஸ்' என்று விற்கும் பாக்கெட்டில் ஊதா கிடைப்பது அதிர்ஷ்டம். தனி நிறமாகக் கேட்டு வாங்குங்கள்.

சொசைட்டி கார்லிக் நேர் எதிர். தென் ஆப்பிரிக்கச் செடி. மெல்லிய காம்பின் நுனியில் இளம் ஊதாப் பூக்கள் கொத்தாக வரும், அடர் ஊதா எதிர்பார்க்காதீர்கள். தோண்டி எடுத்து வைக்கும் வேலை கிடையாது. ஒரே தொட்டியில் வருடக்கணக்கில் இருக்கும், வெயில் நன்றாகப் பட்டால் போதும், விட்டு விட்டுப் பூத்துக்கொண்டே இருக்கும். ஒரே குறை, இலையைத் தொட்டாலே பூண்டு வாசனை. சாமி படத்துக்கு வைக்கலாமா என்று கேட்ட அம்மா, ஒரு முறை முகர்ந்து பார்த்ததும் கேள்வியை வாபஸ் வாங்கிவிட்டார்.

பராமரிக்க நேரமில்லாதவர்கள் சொசைட்டி கார்லிக் ஒன்றை மட்டும் வாங்கினால் போதும். தொட்டி நிறைந்ததும் பிரித்து நட்டால் அதிலிருந்தே நான்கைந்து தொட்டி தேறும்.