பழைய ஸ்ப்ளெண்டரில் வீல் பேரிங் மாற்றம்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வீல் பேரிங் (உள்வளையம், வெளிவளையம், இடையே ஓடும் எஃகுக் குண்டுகள் ஆகியவற்றால் சக்கரத்தை ஆக்ஸில் என்னும் அச்சுத்தண்டில் இலகுவாகச் சுழலவிடும் பாகம்) தேய்ந்துவிட்டது என்பதைக் கண்ணைவிடக் காதுதான் முதலில் கண்டுபிடிக்கும். என்னுடைய பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரில், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் முன்பக்கத்திலிருந்து எழுந்த மெல்லிய உறுமல், கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் மாறாமல், வண்டியின் வேகத்தோடு மட்டுமே ஏறி இறங்கியது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்ததில், ஃபோர்க் அசையாமல் சக்கரம் மட்டும் 'டக்'கென்று ஆடியது. ஆக்ஸிலை உருவிவிட்டு உள்வளையத்தில் விரலைவிட்டுச் சுழற்றினால், நறநறவென்று நின்று நின்று சுற்றியது. தண்ணீரும் தூசியும் பேரிங்குக்குள் போகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துரு கலந்த செம்பழுப்புச் சேறுதான் இருந்தது.

பேரிங்கை வண்டிப் பெயரைச் சொல்லி வாங்குவதைவிட, பழைய பேரிங்கில் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லி வாங்குவதே சரி. 6301 என்றால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மில்லிமீட்டர். யார் தயாரித்தாலும் இந்த அளவுகள் மாறுவதில்லை. எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் இருபுறமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றிருந்தால் தகட்டு மூடி. தேங்கிய மழைநீரில் ஓட்ட நேரும் நம் ஊர்ச் சாலைகளுக்கு நான் ரப்பர் மூடியையே தேர்ந்தெடுத்தேன். பெயர்பெற்ற நிறுவனங்களின் பெட்டிகளில் போலிகளும் உலவுவதால், விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்காமல் வந்துவிடுவது நல்லது.

ஆனால், எந்த நிறுவனத்தின் பேரிங் என்பதைவிட அதை எப்படி உட்கார வைக்கிறோம் என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது இத்தனை காலம் ஓட்டிய பின் என் முடிவு. புதிய பேரிங்கின் உள்வளையத்தில் சுத்தியல் அடி விழுந்தால், அந்த விசை குண்டுகள் வழியாகவே வெளிவளையத்துக்குப் போய், அவை ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை உண்டாக்கும். மாற்றிய சில மாதங்களிலேயே சத்தம் திரும்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வெளிவளையத்தில் மட்டும் பொருந்தும் சாக்கெட்டையோ, பழைய பேரிங்கையோ மேலே வைத்து, கோணாமல் நேராக இறக்க வேண்டும். பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பைச் சற்றுச் சூடாக்கினால் வேலை பாதியாகக் குறையும். எஃகு பேரிங்கைவிட அலுமினிய ஹப் அதிகமாக விரியும் என்பதால் பேரிங் தானாகவே வழிவிட்டு இறங்குகிறது.

இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே நிற்கும் ஸ்பேசர் குழாயைப் பலர் பொருட்டாகவே நினைப்பதில்லை. ஆக்ஸில் நட்டை முறுக்கும்போது வரும் அழுத்தத்தை உள்வளையங்களுக்கு இடையே தாங்குவது அதுதான். அது தேய்ந்து குட்டையாகியிருந்தாலோ, முன்பு கழற்றியவர் திரும்பப் போடாமல் விட்டிருந்தாலோ, நட்டை இறுக்க இறுக்க உள்வளையங்கள் ஒன்றையொன்று நோக்கித் தள்ளப்பட்டு, எவ்வளவு விலையுயர்ந்த பேரிங்கும் பக்கவாட்டு அழுத்தத்தில் சீக்கிரமே அழிந்துவிடும். ஆகவே ஒரு பக்கத்துப் பேரிங்கை அடிவரை இறக்கி, ஸ்பேசரை வைத்து, மறுபக்கத்தை உள்வளையம் ஸ்பேசரைத் தொடும் வரை மட்டும் இறக்க வேண்டும். நட்டை முழுதாக இறுக்கிய பிறகும் சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

பின்சக்கரத்திலும் இதே முறைதான். அங்கே ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பக்கத்தைக் கழற்றும்போதே உள்ளிருக்கும், செயினின் இழுப்பதிர்வைத் தாங்கும் ரப்பர்களையும் பார்த்துவிடலாம்.

அதன் பிறகு மழைக்காலங்கள் பல கடந்தும் உறுமலோ ஆட்டமோ வரவில்லை. பிரேக் ஷூவுக்காகச் சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் விரலைவிட்டுச் சுற்றிப் பார்க்கிறேன். இன்னும் வழுவழுப்பாகவே சுற்றுகிறது. ஆயில் சீலை மட்டும் ஒருமுறை மாற்றினேன், அது மலிவுதான். வாட்டர் வாஷ் செய்பவரிடம் ஆக்ஸில் பக்கம் நேராகத் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு குறை மீதமிருக்கிறது. ஹப்பின் ஒரு பக்கத்துத் துளை பழைய பேரிங்கின் ஆட்டத்தால் சற்றுத் தளர்ந்துவிட்டதால், அங்கே பேரிங் வழக்கமான இறுக்கத்தோடு இறங்கவில்லை. துளையின் ஓரத்தில் பன்ச் என்னும் கூர் கருவியால் அடித்துச் சிறு மேடுகளை எழுப்பிப் பேரிங்கைப் பிடிக்கவைக்கும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. அந்த மேடுகள் விரைவில் நசுங்கிவிடும். அதனால் பேரிங்கைத் துளையில் பிடித்துவைக்கும் ரீடெய்னர் பசை இட்டுப் பொருத்தினேன், இதுவரை பிடித்து நிற்கிறது. மறுபடி தளர்ந்தால் ஹப்பையே மாற்றிவிடுவதாக இருக்கிறேன். ஹப்போடு சேர்ந்தே இருக்கும் பிரேக் டிரம்மும் தேய்மான எல்லையை நெருங்குவதால் இரண்டுக்கும் ஒரே செலவாக முடிந்துவிடும்.