முழங்கால் வலிக்கு மார்க்கெட் ஸ்திரீட் நாட்டு மருந்துக் கடை

தைப்பூசத்துக்குத் தைப்பூசம் பினாங்குத் தண்ணீர்மலைக் கோவிலின் 513 படிகளையும் ஏறி வந்த என் கால்கள், அறுபது வயதைத் தாண்டியதும் வீட்டு மாடிப்படியிலேயே கைப்பிடியைத் தேடத் தொடங்கின. எக்ஸ்ரே பார்த்த அரசாங்க கிளினிக் மருத்துவர் மூட்டுத் தேய்மானம் என்றார். எடையைக் குறைத்து, தொடைத் தசைக்குப் பயிற்சி செய்யச் சொல்லி, வலி மிகும் நாள்களுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தார். அதற்குத் துணையாக ஏதேனும் கிடைக்குமா என்றுதான் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் ஸ்திரீட்டில் உள்ள ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். நான்கு மாதங்களாக அங்கே வாங்கிப் பயன்படுத்தியவற்றை வைத்து இதை எழுதுகிறேன்.

கடை மிகக் குறுகலானது. வசம்பும் சுக்கும் கலந்த நெடிக்குள் பக்கவாட்டில்தான் நகர முடியும். முட்டி வலி என்றதும் ஏதோ ஒரு புட்டியை எடுத்து நீட்டாமல், “தொட்டா சூடா இருக்காம்மா, இல்ல இறுகிப்போய் வலிக்குதா?” என்று கடைக்காரர் முதலில் கேட்டது எனக்குப் பிடித்தது. சூடும் எரிச்சலும் இருந்தால் பிண்ட தைலம், இறுக்கமாக இருந்தால் கொட்டஞ்சுக்காதி தைலம் என்பது அவருடைய கணக்கு. நான் நின்றுகொண்டிருந்தபோதே வந்த ஓர் இளம்பெண், இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கியிருப்பதையும் காலையில் ஒரு மணி நேரமாவது விரல்களை மடக்க முடியாமல் இருப்பதையும் சொல்லித் தைலம் கேட்டார். கடைக்காரர் விற்க மறுத்து, முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும்படி சொல்லி அனுப்பினார். அவர் செய்ததே சரி. அது முடக்குவாதமாக இருக்கலாம். முடக்குவாதம் என்பது உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கும் நோய். உரிய மருந்தைத் தொடங்கத் தாமதித்தால் எலும்பு அரிக்கப்பட்டுவிடும், எந்தத் தைலமும் அதைத் தடுக்காது.

எனக்குக் கிடைத்தது கொட்டஞ்சுக்காதி. 200 மில்லி புட்டி 32 வெள்ளி (ரிங்கிட்). கோஷ்டம், சுக்கு, வசம்பு, முருங்கைப் பட்டை, பூண்டு, தேவதாரு, கடுகு ஆகியவற்றைப் புளியிலைச் சாறும் தயிரும் சேர்த்து நல்லெண்ணெயில் காய்ச்சும் கேரள வழி மருந்து இது. இரண்டு கரண்டியை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, அந்த டம்ளரைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, விரலுக்கு இதமான சூடு வந்ததும் முழங்காலைச் சுற்றிப் பத்து நிமிடம் தேய்த்து, அரை மணி நேரம் கழித்துக் கல்லுப்பு ஒற்றடம் கொடுக்கிறேன். புளிப்பும் பூண்டும் கலந்த வாடை அறையை விட்டுப் போக வெகுநேரமாகிறது. பழைய கைலியை விரித்துக்கொள்ளாவிட்டால் மெத்தை விரிப்பு பாழ். மூன்றாவது வாரத்திலிருந்து காலை இறுக்கம் குறைந்து, இரவில் வலியால் விழிப்பது அநேகமாக நின்றது. பாதிப் பெருமை தேய்ப்புக்கும் சூட்டுக்கும் சேரும் என்று நினைக்கிறேன், அதனால் எனக்கு ஒன்றும் நட்டமில்லை. தேய்ந்த குருத்தெலும்பைத் தைலம் வளர்த்துவிடும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். கடைக்காரரும் அப்படிச் சொல்லவில்லை. ஒற்றடத்துக்குப் பச்சை நொச்சி கேட்டேன், இல்லை. அதே இனத்தைச் சேர்ந்த லெமுனி இலையை, மலாய்க்காரர்கள் நாசி லெமுனி என்ற சோற்றுக்குப் போடுவதையே, வதக்கிக் கட்டச் சொன்னார். அதுவும் நன்றாகவே இருந்தது.

முடக்கத்தான் பொடி எனக்கு ஏமாற்றம். முடக்கு அறுத்தான் என்ற பெயருக்காகவே வாங்கினேன். பொட்டலத்தில் அரைத்த தேதியும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. நிறம் காய்ந்த புல்லைப் போல வெளுத்திருந்தது. பலூன் போன்ற காய்க்குள் வெள்ளை இதயக்குறியுடன் கறுப்பு விதை இருக்கும் அந்தக் கொடி வேலியோரத்தில் தானாக வளர்வதுதான். ஒரு கைப்பிடி பச்சை இலையை அரைத்துத் தோசை மாவில் கலந்து சுட்டால் இலேசான கசப்போடு சுவையாகவே இருக்கிறது. கூடுதலாகச் சாப்பிட்டால் வயிறு இளகும், அளவு முக்கியம். வலிக்கு அதனால் என்ன பயன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

மஞ்சள் சாறு, குங்கிலியச் (பாஸ்வெல்லியா) சாறு அடங்கிய கேப்சூல்களும் கண்ணாடி அலமாரியில் இருந்தன. முழங்கால் தேய்மான வலியை இவை ஓரளவு குறைப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் அவை பெரும்பாலும் சிறியவை, சில வாரங்களே நடந்தவை. வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

நான் அவற்றை வாங்காததற்குச் சொந்தக் காரணம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒருவரிடம் ‘மூலிகை’ கேப்சூல் வாங்கினேன். இரண்டே நாளில் வலி போய்விட்டது. ஒரு மாதத்தில் முகம் உப்பி, சர்க்கரை ஏறியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று ஐயுற்ற மருத்துவர், அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்று சொல்லித் தம் கண்காணிப்பிலேயே படிப்படியாக விடுவித்தார். மூட்டு வலிக்கான மூலிகை மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்து பிடிபடுவது மலேசியாவில் பலமுறை நடந்ததுதான். ஆகவே பெட்டியில் எம்.ஏ.எல். (MAL) என்ற எழுத்துகளும் எட்டு இலக்கமும் பாரம்பரிய மருந்தைக் குறிக்கும் டி (T) எழுத்தும் கொண்ட பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடினால், பதிவான பெயரும் பெட்டியிலுள்ள பெயரும் ஒன்றுதானா என்பது தெரிந்துவிடும். இந்தக் கடையின் தைலப் புட்டியிலும் கேப்சூல் பெட்டிகளிலும் எண் இருந்தது, பொட்டலப் பொடிகளில் இல்லை.

தைலத்துக்காக மீண்டும் போவேன், பொடிக்காகப் போக மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கடைக்காரரிடம் ஒரு சொல்கூடப் பேச முடியாது; வார நாளில், கடை திறந்த கையோடு போனால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்.