கோபால்ட் முதலிலா, கடைசியிலா?

மாட்டுங்கா வீட்டில் அம்மாவின் வைட்டமின் பி12 மாத்திரையை உடைத்தால் உள்ளே இளஞ்சிவப்பு. நடுவில் கோபால்ட் என்ற உலோகத்தின் ஓர் அணுவைப் பிடித்திருக்கும் வளைய வடிவ மூலக்கூறின் நிறம் அது. செடியாலும் மாட்டாலும் பி12-ஐச் செய்ய முடியாது. பாக்டீரியாவும், ஆர்க்கியா என்ற இன்னொரு வகை நுண்ணுயிரும்தான் செய்கின்றன. சுமார் 30 நொதிகள் வேண்டும். வழி மட்டும் இரண்டு.

சால்மொனெல்லா என்ற பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாமலே செய்கிறது. வளையம் முழுதாக உருவாகும் முன்பே சிபிஐகே என்ற நொதி கோபால்ட்டை உள்ளே வைத்துவிடும். சின்ன நொதி, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி செலவே இல்லை. அப்புறம் வளையம் சுருங்கும்போது அந்த கோபால்ட்டே துணைக்கு வருகிறது. கண்ணாடியை வைத்து அதைச் சுற்றிச் சட்டம் அடிப்பது போல.

சூடோமோனாஸ் டீநைட்ரிஃபிகன்ஸ் வேறு மாதிரி. கோப்ஜி என்ற நொதி ஆக்சிஜனைக் கொண்டு வளையத்தைச் சுருக்க வழிசெய்கிறது. சட்டம் தயாரான பிறகுதான் கோபால்ட் நுழையும். அதற்கு கோப்என், கோப்எஸ், கோப்டி என மூன்று புரதங்கள் சேர்ந்து ஏடிபியையும் செலவழிக்க வேண்டும். தொழிற்சாலைகள் பெரிதும் நம்புவது இந்த பாக்டீரியாவைத்தான். ஆனாலும் எனக்குப் பிடித்தது முதல் வழி. அந்தச் சிக்கனம் அவ்வளவு அழகு.

"ஏன்டா, நம்ம தயிர்ல இருக்கிறது எந்த வழி?" என்று அம்மா கேட்டாள். மாட்டின் முதல் இரைப்பையில் ஆக்சிஜன் அநேகமாக இல்லை. பாலுக்கு பி12 வருவது அங்குள்ள பாக்டீரியாவிடமிருந்து. ஆக, கோபால்ட் முதலில்தான்மா.