காதுக்கு மாத்திரையா, மெஷினா?

குடியாத்தம் பக்கம் காது மந்தமானால் பழி முதலில் தறிச் சத்தத்தின் மேல்தான் விழும். ஆனால் தறி காதைக் கெடுக்க வருஷக்கணக்காகும். சில வாரங்களில், மாதங்களில் இரண்டு காதும் மளமளவென்று இறங்கினால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே உள்காதைத் தாக்குகிறதா என்று பார்க்க வேண்டும். 1979-இல் மெக்கேப் என்ற அமெரிக்க மருத்துவர் தனி நோயாக விவரித்தது இதைத்தான்.

ஆரம்பத்தில் ஸ்டீராய்டுக்குப் போட்டியே இல்லை. பெரியவர்களுக்கு வழக்கமாகத் தினம் 60 மி.கி. பிரெட்னிசோலோன், சுமார் ஒரு மாதம். பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். குறைத்ததும் காது மறுபடி மந்தமானால் என்ன செய்வது என்பதில்தான் அலசலே.

ஸ்டீராய்டையே நீட்டலாம். வீட்டுக்கு ஒரு சர்க்கரைக்காரர் இருக்கும் ஊரில் அது லேசான முடிவல்ல. சர்க்கரையோடு பிபி, கண்புரை, எலும்புத் தேய்மானம், இடுப்பு மூட்டுச் சிதைவு எல்லாம் வரிசையில் நிற்கும். வருஷம் போகப் போக பலருக்குப் பலனும் குறையும். செவிப்பறை வழியாகப் போடும் ஸ்டீராய்டு ஊசி சர்க்கரையை அவ்வளவு ஏற்றாது. ஆனால் இரண்டு காதுக்கும், திரும்பத் திரும்ப.

அடுத்தது எதிர்ப்பு சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. மலிவு என்பதால் எனக்கும் ஆசைதான். ஆனால் 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கேட்கும் திறனைக் காப்பதில் அது மருந்தில்லாத வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. கூடவே முடக்குவாதம் இருந்தால் மூட்டுக்காகச் சாப்பிடலாம், அது வேறு கணக்கு. இது வாரம் ஒருநாள் மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்த மருந்துக்கடையில் வாங்கினாலும் கவர் மேல் கிழமையை எழுதி வாங்குங்கள். எதிர்ப்பு சக்தியில் குறிப்பிட்ட பகுதியை மட்டும் குறிவைத்து அடக்கும், விலையுயர்ந்த பயாலஜிக் ஊசிகளுக்குச் சிறு ஆய்வுகளே ஆதாரம். போடும் முன் மறைந்திருக்கும் டிபியைச் சோதித்தே ஆக வேண்டும்.

நீண்ட காலத்துக்கு என் ஓட்டு காது மெஷினுக்குத்தான். இந்த நோயில் கேட்கும் திறன் ஏறி இறங்கும், அதனால் கம்ப்யூட்டரில் திருத்தி அமைக்கக்கூடிய மெஷினாக வாங்குங்கள். “சத்தம் கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல” என்ற நிலை வந்தால் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் செய்து உள்காதில் மின்முனை பொருத்தும் கருவி பற்றிக் கேட்கும் நேரம். கேட்பு நரம்பு பெரும்பாலும் நன்றாகவே இருப்பதால் பலன் நல்லது. கண்ணும் சிவந்து வலிக்கும் கோகன் நோயில் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: உள்காதுக்குள் எலும்பு வளர்ந்துவிட்டால் மின்முனையை நுழைப்பதே கஷ்டம். செலவு லட்சங்களில் போகும். ஆபரேஷனுக்குப் பின் மேப்பிங்குக்கு, அதாவது கருவியை உங்கள் காதுக்கு ஏற்பத் திருத்தி அமைக்க, பல தடவை வர வேண்டியிருக்கும், பஸ் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.